மச்சான்கள் படித்த இன்ஜின்

சூசைநாதனுக்குக் கடல் ஆகாது. கரையில் நின்று பார்ப்பதோடு சரி. தோணி இரண்டு அலை ஏறி இறங்கினால் குடல் வாய்க்கு வந்துவிடும். இப்படிப்பட்டவரைத்தான் மீனவர்களுக்கு மோட்டார் படகு ஓட்டக் கற்றுக்கொடுக்கச் சொல்லி சர்க்கார் வேலைக்கு வைத்தது.

அவர் எங்கள் தெருக்காரர், முத்தியால்பேட்டை. இளவயதில் சைகோனுக்குக் கப்பலேறி, அங்கே ஆற்றங்கரையில் ஒரு படகுப் பட்டறையில் டீசல் இன்ஜின்களைப் பிரித்துப் பூட்டும் வேலை பார்த்தார். இன்ஜின்கள் அவரைத் தேடிக் கரைக்கு வந்தன. அவர் அவற்றைத் தேடிக் கடலுக்குப் போனதில்லை. பிரெஞ்சுக்காரர்கள் அங்கிருந்தும் மூட்டை கட்டியபோது இவரும் ஒரு பெட்டி ஸ்பானரோடு ஊர் திரும்பினார். இங்கேயும் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியிருந்தது. பிரெஞ்சும் கொஞ்சம் வியட்நாம் பேச்சும் தெரிந்த மெக்கானிக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எந்த ஆபீசுக்கும் தெரியவில்லை. சைக்கிள் கடையிலும் நெல் அரைக்கும் மில்லிலும் காலத்தை ஓட்டினார்.

நான் ஊரில் இல்லாத வருடங்களில் நடந்த கதை இது. அவரிடமும், குருசுக்குப்பத்துத் தனத்திடமும், இன்னும் அங்கே வாயாடும் பலரிடமும் கேட்டு எழுதுகிறேன். நான் போன துறைமுகங்களில் எல்லாம் ஆட்களை வேலைக்குப் பழக்குவதைப் பார்த்திருக்கிறேன். எங்கும் ஒரே முறைதான். ஒருவர் சொல்வார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள், ஆட்டாதவர் மக்கு. சூசைநாதனும் முதலில் அப்படித்தான் ஆரம்பித்தார்.

ஐம்பத்தொன்பது கடைசியில் குருசுக்குப்பத்து மணலில் ஒரு கீற்றுக்கொட்டகை எழும்பியது. உள்ளே மரச்சட்டத்தில் பூட்டிய ஒற்றைச் சிலிண்டர் டீசல் இன்ஜின். அதே மாதிரி இன்ஜின் வைத்த படகு ஒன்று தேங்காய்த்திட்டில், கடலோடு சேரும் கழியில் கட்டிக் கிடந்தது. பயிற்சி முடிந்ததும் மதராஸிலிருந்து ஓர் அதிகாரி வருவார். படித்தவர்களில் தனக்குத் தோன்றிய இரண்டு பேரைப் பொறுக்கிக் கடலுக்குக் கூட்டிப்போவார். அங்கே இன்ஜினில் ஏதாவது கோளாறு செய்து நிறுத்துவார். அந்த இரண்டு பேரும் அதைச் சரிசெய்து ஓட்டிக்கொண்டு திரும்பினால் படகு குப்பத்துக்குச் சொந்தம், பயிற்சியும் தொடரும். இல்லாவிட்டால் படகும் இன்ஜினும் வேறு கடற்கரைக்குப் போய்விடும், சூசைநாதன் சைக்கிள் கடைக்குப் போய்விடுவார். இதை முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிவிட்டார்கள்.

முதல் நாளே அவருடைய மானமும் போயிற்று. புது வாத்தியாரை மரியாதைக்காகப் படகில் ஏற்றி முகத்துவாரம் தாண்டிக் கூட்டிப்போனார்கள். திரும்பி வரும்வரை அவர் விளிம்பைக் கட்டிக்கொண்டு வாந்தி எடுத்தார். அம்மாவாசை என்று ஒரு பெரியவர், வாய்த்துடுக்கு அதிகம். "முசே மீனுக்குத் தீனி போடறாரு, யாரும் தொந்தரவு பண்ணாதீங்க" என்றார். முசே என்றால் எங்கள் பக்கத்துப் பிரெஞ்சில் ஐயா. அன்றிலிருந்து குப்பத்தில் அவருக்குத் தீனி முசே என்று பெயர்.

இரண்டாவது அடி இன்ஜினுக்கு விழுந்தது. இதை உங்கள் சொந்தப் படகு மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொல்லியிருந்தார். அப்படியே பார்த்துக்கொண்டார்கள். கடலுக்குப் போய் வந்த வலையையும் கட்டுமரத்தையும் எப்படிக் கடல்தண்ணீரில் அலசுவார்களோ, அப்படியே குடம் குடமாகக் கொண்டுவந்து இன்ஜினை அலசிவிட்டார்கள். பஞ்சாயத்துத் தலைவர் தெய்வநாயகம் பக்கத்தில் நின்று, இடுக்கு விடாமல் ஊற்றச் சொன்னார். காலையில் வந்து பார்த்த சூசைநாதன் மணலில் உட்கார்ந்துவிட்டார். உப்புத்தண்ணீரா ஊற்றினீர்கள் என்று அவர் கேட்டதற்கு, கருவாட்டுக்கே உப்புதானே காவல், இரும்புக்கு ஆகாதா என்று தெய்வநாயகம் பதில் சொன்னார். அந்த வாரம் முழுக்கச் சூசைநாதன் தனியாக உட்கார்ந்து இன்ஜினைப் பிரித்துத் துரு துடைத்தார். ஆனால் ஒன்று அவருக்குப் புரிந்தது. இவர்கள் அலட்சியமானவர்கள் இல்லை. தங்களுக்குத் தெரிந்த அக்கறை முழுவதையும் அதன் தலையில் கொட்டியிருக்கிறார்கள்.

கரும்பலகையில் படம் போட்டார். விடிவதற்கு முன்னால் கடலுக்குப் போய் வந்தவர்கள், சாக்கட்டி கீச்சும் சத்தத்தில் சுகமாகத் தூங்கினார்கள். படத்தை அழித்துவிட்டுக் கேள்வி கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. சரி, கையால் செய்து காட்டட்டும் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். பெரியவர்கள் தயங்கித் தயங்கித் தொட்டார்கள். இளவட்டங்கள் அதைவிட மோசம். அதிலும் முத்து என்ற பையன், தெய்வநாயகத்தின் மருமகன், திருப்புளியை இடது கையில் பிடித்துக்கொண்டு தடுமாறினான். அவனைச் சூசைநாதன் மக்கு வரிசையில் முதலில் வைத்தார்.

பொங்கல் கழிந்து ஒரு நாள், ஏதோ வலைத் தகராறு என்று பஞ்சாயத்து கூடியது. தெய்வநாயகமும் மற்றப் பெரியவர்களும் கோயிலுக்குப் போய்விட்டார்கள். கொட்டகையில் இளவட்டங்கள் மட்டும். சூசைநாதன் டீசல் வாங்கிக்கொண்டு தாமதமாக வந்தபோது உள்ளே சந்தை இரைச்சல். அதட்டுவதற்காக வேகமாக வந்தவர் கீற்று மறைவில் அப்படியே நின்றுவிட்டார். இன்ஜினைப் பற்றித்தான் சண்டை நடந்துகொண்டிருந்தது.

குப்பன் என்பவன் முத்துவின் மச்சான் முறை. அவன்தான் ஆரம்பித்திருந்தான்.

"ஏன்டா மச்சான், உங்க மாமனாரு உப்புத்தண்ணி ஊத்துனதுக்கு முசே அழுதாரே, இந்தக் குழாயில ஓடறது என்னா, பன்னீரா? சூடு ஆறறதுக்குக் கடல்தண்ணிதானே உள்ள போவுது?"

"உள்ள போறது இதுக்குன்னு வச்ச வழியில போவுது. நீ கஞ்சி குடிக்கிற, வயித்துக்குப் போவுது. காதுல ஊத்துனா சும்மா இருப்பியா?"

"உனுக்கு எல்லாந் தெரியுமோ? அப்ப ஏன்டா முசே எதிர்ல குரங்கு தேங்காய உருட்டற மாதிரி உருட்டற?"

"மாமனாருக்கு வராதத நான் செஞ்சி காட்டவா? ராத்திரி சோறு உங்க ஊட்டுலயா போடுவாங்க?"

பேசிக்கொண்டே முத்து இன்ஜினின் பக்க மூடியைக் கழற்றி, உள்ளே தண்ணீர் ஓடும் பாதையை விரலால் காட்டி, திரும்பப் பூட்டியும்விட்டான். வலது கையால்.

சூசைநாதன் அன்று பாடமே நடத்தவில்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தார். தன்னுடைய வகுப்பில் மாமனாரும் மருமகனும், சித்தப்பனும் அண்ணன் மகனும் ஒரே பலகையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பெரியவர் எதிரில் சின்னவன் பதில் சொல்ல மாட்டான். சின்னவன் எதிரில் தப்பாகச் சொல்லப் பெரியவருக்கு மனம் வராது. ஆக எல்லோரும் ஊமை. இந்த ஊரில் ஒருவன் தப்பை இன்னொருவன் முகத்துக்கு நேரே சொல்லிச் சிரிக்க முடிவது மச்சான் முறையில்தான். கிண்டல் அங்கே உரிமை.

மறுநாள் இருக்கையைக் கலைத்தார். உறவுமுறை விசாரித்து, மச்சானுக்கு மச்சான் ஜோடி போட்டார். பெரியவர்கள் வேளை வேறு, இளவட்டங்கள் வேளை வேறு. பெரியவர்களுக்குள்ளும் மச்சான்கள் இருந்தார்கள். தெய்வநாயகத்தின் தங்கை புருஷன்தான் வாய்த்துடுக்கு அம்மாவாசை. அவர்கள் இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைத்த அன்றைக்கே பெரியவர்கள் பக்கமும் சத்தம் கிளம்பியது.

பிறகு ஆளுக்கு ஏற்றபடி பாடத்தை மாற்றினார். இளவட்டங்களுக்குப் போட்டி. ஒருவன் வெளியே நிற்பான், மச்சான் உள்ளே இன்ஜினைக் கெடுத்து வைப்பான். வந்து கண்டுபிடிக்காவிட்டால் அன்று முழுக்க ஏச்சு வாங்க வேண்டும். அந்த ஏச்சுக்குப் பயந்தே படித்தார்கள். பெரியவர்களுக்குக் கண்ணைவிடக் காது கூர்மை. இருட்டில் அலைச் சத்தத்தை வைத்தே கரை எவ்வளவு தூரம் என்று சொல்கிறவர்கள். அவர்களை இன்ஜினுக்கு முதுகு காட்டி உட்கார வைத்து, சத்தத்தை மட்டும் கேட்டு நோயைச் சொல்லச் சொன்னார். பிரெஞ்சில் தனக்குத் தெரிந்த பெயர்களை அவர் விட்டுவிட்டார். அவர்கள் வைத்த பெயர்களை எடுத்துக்கொண்டார். டீசல் சரியாக வராமல் சத்தம் ஏறி இறங்கினால் அது பசி. சூடேறி முக்கினால் காய்ச்சல். அம்மாவாசை ஒரு சத்தத்துக்குத் தன் பெண்டாட்டி பெயரையே வைத்தார், அதை இங்கே எழுத முடியாது. எந்த வழியிலும் வராதவன் குப்பன். கேட்டால் புரியும், செய்யப் போனால் மறந்துவிடும். புதிதாகச் சேர்ந்த இரண்டு பேருக்கு நீதான் வாத்தியார் என்று அவனிடம் ஒப்படைத்தார். பிறருக்குச் சொல்வதற்காக அவன் தனக்குள் சொல்லிப் பார்க்க ஆரம்பித்தான். அப்புறம் மறக்கவில்லை.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு முடிச்சு. மாமனாரும் மருமகனும்.

தெய்வநாயகம் பெரியவர்கள் வேளையில் படித்தார். சந்தேகம் வந்தால் அம்மாவாசையைக் கேட்பார். அவருக்கும் தெரியாவிட்டால் வீட்டுக்குப் போய்த் தன் மகள் தனத்தைக் கூப்பிடுவார். தனம்தான் முத்துவின் மனைவி. இரண்டு வீடும் ஒரே முற்றத்தில். முத்து எதிர்க் குடிசை வாசலில் வலை பின்னிக்கொண்டிருப்பான், எல்லாம் அவன் காதில் விழும். இருந்தாலும் பெரியவர் மகளிடம்தான் சொல்வார்: "தனம், காத்து அடைச்சிக்கிச்சின்னா எந்தத் திருகாணிய மொதல்ல தளத்தணும்னு உன் ஊட்டுக்காரரக் கேளு." தனம் திரும்பிக் கேட்பாள். முத்து அவளிடம் பதில் சொல்வான். அவள் அப்பாவிடம் சொல்வாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் மாமனாரும் மருமகனும் பேசிக்கொண்டது இப்படித்தான். மீன்கூடையோடு அரியாங்குப்பம் வரை நடக்கும்போதும் திருகாணி, குழாய், டீசல் என்றே வாயில் வருகிறது என்று தனம் சலித்துக்கொண்டாள். "கேள்வி அப்பாவுது, பதிலு அவருது, தொண்ட தண்ணி என்னுது."

சூசைநாதனுக்கு இது தெரியும். பரவாயில்லை என்று விட்டுவிட்டார். எப்படியோ படிக்கிறார்கள், போதும்.

வெயில் காலம் முடியும் நேரத்தில் அதிகாரி வந்தார். கண்டிப்பானவர், ஆனால் நியாயமானவர். கொட்டகையில் எல்லோரையும் நிற்க வைத்து ஒரு பார்வை பார்த்தார். வயதில் மூத்தவர் ஒருவரும், இளைஞன் ஒருவனும் வேண்டும் என்றார். விரல் நீட்டினார். தெய்வநாயகம். முத்து.

சூசைநாதன் அவரைத் தனியே அழைத்துப் போய், மாமனார் மருமகன், வேறு ஜோடி போடலாமா என்று கெஞ்சினார். கடலில் உறவு பார்த்தா இன்ஜின் நிற்கும் என்று அதிகாரி திருப்பிக் கேட்டார். வாத்தியாரும் படகில் வர வேண்டும், ஆனால் வாய் திறக்கக் கூடாது, கை நீட்டக் கூடாது என்று ஒரு விதியும் இருந்தது. வாய் திறந்தால் என்ன வரும் என்று தெரிந்தவர்கள் கரையில் சிரித்தார்கள். குப்பமே தேங்காய்த்திட்டுக் கரையில் கூடியிருந்தது. பெண்கள் கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

படகு முகத்துவாரம் தாண்டி வடக்கே திரும்பியது. டவுன் கட்டடங்கள் இடது கைப்பக்கம் வெள்ளையாக நகர்ந்தன. தெய்வநாயகம் சுக்கான் பிடித்தார். முத்து இன்ஜின் பக்கத்தில் நின்றான். சூசைநாதன் வழக்கம்போல விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தார். அன்று கடலில் சொறிமீன்கள் கண்ணாடிக் குடைகளாக மிதந்தன. அதிகாரி இன்ஜினுக்கு மறுபுறம் உட்கார்ந்து, கை தெரியாமல் துண்டை மேலே போட்டுக்கொண்டு, டீசல் குழாயை இறுக்கும் ஒரு பூட்டைக் கொஞ்சமாகத் தளர்த்திவிட்டார். சத்தம் ஒருமுறை ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, நின்றுவிட்டது.

தென்கிழக்குக் காற்று. படகு மெதுவாகக் கரைப்பக்கம், அலை உடையும் இடத்தை நோக்கித் தள்ளப்பட்டது.

தெய்வநாயகம் தலைவர். யாரும் சொல்லக் காத்திருக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. சுக்கானைக் கட்டிவிட்டு வந்து, நேராகத் தண்ணீர் உறிஞ்சும் குழாயின் வலையைக் கழற்றினார். சொறிமீன் அடைத்திருக்கும் என்பது அவர் கணக்கு. உள்ளே உண்மையாகவே ஒரு துண்டு சிக்கியிருந்தது. அவர் முகம் மலர்ந்தது. அதைத் தூக்கி எறிந்து வலையைப் பூட்டி, கைப்பிடியைச் சுழற்றினார். இன்ஜின் இரண்டு முறை தும்மிவிட்டுப் பேசாமல் இருந்தது. மறுபடி சுழற்றினார். வேர்த்து வழிந்தது. படகு இன்னும் கொஞ்சம் கரைக்கு நெருங்கியது. உடையும் அலையின் இரைச்சல் காதில் விழ ஆரம்பித்தது.

முத்து கையைக் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றான். ஆனால் கட்டிய கைக்குள் அவன் கட்டைவிரல் மட்டும் சும்மா இல்லை. இல்லாத ஒரு திருகாணியை அது இடப்பக்கமாகத் திருகிக்கொண்டே இருந்தது. விளிம்பில் கிடந்த சூசைநாதன் அதைப் பார்த்தார். இவனுக்குத் தெரியும். தெரிந்தும் சொல்ல மாட்டான். சொல்லாமலே படகு அலையில் அடித்துப் புரண்டாலும் மாமனாரை மீறிக் கை நீட்ட மாட்டான். தன்னுடைய மச்சான் வித்தை எல்லாம் கொட்டகையோடு நின்றுபோனது என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

தெய்வநாயகம் கைப்பிடியை விட்டார். மூச்சு வாங்க நிமிர்ந்தார். "தனம், கேளு..." என்று பழக்கத்தில் ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்தினார். படகில் தனம் இல்லை. நாலு பக்கமும் தண்ணீர். முகத்து வேர்வையை வழித்து உதறினார். பிறகு முத்துவின் பக்கம் திரும்பினார். கல்யாணத்துக்குப் பிறகு அவன் முகத்தைப் பார்த்து அவர் பேசியது அதுதான் முதல் தடவை.

"மாப்ள, எனக்குத் தெரியல. நீங்க சொல்லுங்க."

முத்து நிமிர்ந்து பார்க்கவில்லை. "பசி, மாமா. நிக்கறதுக்கு முன்ன சத்தம் ஏறி எறங்குச்சி. டீசல் குழாயில காத்து."

"அப்ப நான் புடிச்சது?"

"அது... சொறியும் இருந்திச்சே, மாமா."

"தப்பா, இல்லியா? அத சொல்லுங்க."

"தப்புதான், மாமா."

சூசைநாதன் கண்ணைத் திறந்தார். தெய்வநாயகம் கோபப்படவில்லை. ஏதோ பாரம் இறங்கியவர் மாதிரி, "அப்ப சீக்கிரம் ஆவட்டும், நான் படகப் பாத்துக்கறேன்" என்று நீளத் துடுப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். வருகிற ஒவ்வொரு அலைக்கும் படகின் மூக்கை நேரே நிறுத்தினார். அந்த வயதிலும் ஒற்றை ஆளாக, துடுப்பின் வளைவிலேயே படகைப் பிடித்து வைத்திருந்தார். முத்து தளர்ந்த பூட்டைக் கண்டுபிடித்து இறுக்கினான். குழாயின் திருகாணியைத் தளர்த்தி, நுரையும் காற்றும் போய்ச் சுத்தமான டீசல் ஒழுகும்வரை விட்டு, மூடினான். பிறகு அவனே கூப்பிட்டான்: "மாமா, நான் சுத்தறேன். இதத் தூக்கிப் புடிங்க, சொன்னதும் விட்டுடுங்க." இன்ஜின் தலையில் இருந்த நெம்புகோலைக் காட்டினான். மருமகன் சொல்லி மாமனார் செய்தார். "இப்ப" என்றான். விட்டார்.

இன்ஜின் பிடித்துக்கொண்டது.

முத்து வேகத்தைக் கூட்டினான். படகு அலையை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டுத் திறந்த கடலுக்குத் தாவியது. அதிகாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, போதும், திருப்பலாம் என்றார். தெய்வநாயகம் கேட்கவில்லை. குருசுக்குப்பத்துக்கு எதிரே வரை ஓட்டிக்கொண்டு போய், கட்டுமரங்களுக்குக் குறுக்கே ஒரு பெரிய வளைவு போட்டுவிட்டுத்தான் தெற்கே திரும்பினார். மரங்களில் இருந்தவர்கள் எழுந்து நின்று துடுப்பைத் தூக்கிக் காட்டினார்கள்.

கழிக்குள் சத்தம் நுழையும்போதே கரையில் தெரிந்துவிட்டது. துடுப்புப் போட்டு வந்தால் சத்தம் இருக்காதே. குலவை எழுந்தது. இளவட்டங்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி ஓடிவந்தார்கள். அதிகாரி இறங்கி, படகு இந்த ஊருக்குத்தான், அடுத்த கூட்டத்துக்கு ஆள் சேர்க்கலாம் என்று சூசைநாதனிடம் சொல்லிக் கை குலுக்கினார். சூசைநாதனால் அப்போதும் வாயைத் திறக்க முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

கொட்டும் கூச்சலுமாக இருந்தபோது தெய்வநாயகம் படகு விளிம்பில் ஏறி நின்று கையைத் தூக்கினார். தலைவர் கை தூக்கினால் குப்பம் அடங்கிவிடும்.

"ஒரு விசயம் எல்லாரும் கேட்டுக்குங்க. இன்ஜின் நின்னப்ப நான் தண்ணிக் குழாயப் புடிச்சேன். தப்பு. மாப்ள சத்தத்த வச்சி டீசல் குழாய்னு சொன்னாரு. அவரு சொன்னதுதான் சரி. இல்லன்னா இந்நேரம் படகு மணல்ல கெடக்கும்."

அவர் வாயில் தன்னுடைய தப்பு என்ற பேச்சை அந்தக் கரை அதுவரை கேட்டதில்லை. எதிரே கூட்டத்தில் தனம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மாவாசைதான் முதலில் வாய் திறந்தார்.

"மச்சான், இத்தினி வருசமா தப்பே பண்ணாதவன்னு நாங்க நம்பிக்கினு இருந்தோம். சொறிய வச்சி ஏமாந்துட்டியே."

கரை முழுவதும் சிரித்தது. தெய்வநாயகமும் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், பின்வரிசையிலிருந்து நேற்றுவரை அவர் எதிரில் இருமக்கூடப் பயந்த ஒரு பையன் கழுத்தை நீட்டி, காத்தா சொறியான்னு எப்படிப் பிரிச்சிப் பாக்கறது, தலைவரே என்று கேட்டான். தெய்வநாயகம் விளிம்பிலேயே உட்கார்ந்தார். முத்துவைக் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். இவர் வாயால் சத்தம் போட்டுக் காட்ட, அவன் திருத்த, இவர் மறுபடி போட, சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். கேட்டவர்களில் பாதிப் பேர் கொட்டகைப் பக்கமே வராதவர்கள். கூடைமேல் உட்கார்ந்திருந்த பெண்கள்கூட எழுந்து வந்து நெருக்கினார்கள். இரண்டு இடத்தில் தனம் குறுக்கிட்டு, அந்தத் திருகாணி இல்லை, அதற்கு மேலே உள்ளது என்று சொன்னாள். அதையும் கேட்டுக்கொண்டார்கள்.

சூசைநாதன் கழித் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு நிமிர்ந்தார். அவருடைய வகுப்பு அவர் இல்லாமலே நடந்துகொண்டிருந்தது. யாரும் யாரையும் பார்த்துப் பயப்படவில்லை. வெயில் சாய்கிறவரை அவர்கள் படகைவிட்டு இறங்கவில்லை. இறங்கச் சொல்லவும் இனி யாருக்கும் உரிமை கிடையாது. படகு அவர்களுடையது.